போகட்டும், நிக்கட்டும்

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளை நட்டு கிடக்கிறது. தோட்டத்தை நடத்திய துரையின் மோட்டார் படகை என் மச்சான் பழுது பார்த்த அன்று மிஞ்சியது. எங்கேயிருந்து மிஞ்சியது என்று அவனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. படகு மட்டும் ஒழுங்காக ஓடியது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்ப்பவன். நான் அதே தோட்டத்தில் லொறி ஓட்டினேன். யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையில் இருப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்திருந்த காலம். தொழிலாளர் வீட்டு வரிசைதான் லயம்; லயத்துக்கு லயம் அதே பேச்சு. அன்று படகைப் பார்க்க அணைக்கட்டு நீருக்கு இறங்கும் வழியெல்லாம் அவனும் அதையேதான் பேசி வந்தான். போனால் அக்காவை விட்டுப் போக வேண்டும்; இருந்தால் எந்த நாட்டு ஆளென்று தெரியாமல் இருக்க வேண்டும். படகு வந்துவிட்டது என்று பேச்சை மாற்றினேன். கையிலிருக்கும் வேலையைப் பார்க்கிற ஆள் நான்.

வேலை இதுதான். கியர்க் கம்பை நடுவில் வைத்தால் படகு நிற்க வேண்டும். அதுவோ ஊர்ந்து போய்க் கரையில் முட்டியது. கம்பிலிருந்து பின்னால் தண்ணீரைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் பெட்டிக்குப் போகும் இரும்புத் தண்டின் நீளம் மாறிப்போயிருந்தது. நுனியைத் திருகித் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். அவன் பின்னால் குப்புறப் படுத்துத் திருகினான், நான் கம்பைப் பிடித்திருந்தேன். "மேல தள்ளுங்க மச்சான்" என்றான். தள்ளினேன். "ஐயோ, பணிய தள்ளுறீங்களே" என்றான். பணிய என்றால் கீழே. மலையில் பிறந்த எங்களுக்கு மேலே, பணிய என்று இரண்டே திசைகள்தான். மேட்டு லயம், பணிய லயம் என்றே வளர்ந்தவர்கள். தட்டையான தண்ணீரில் எது மேலே, எது பணிய? அவனுக்குத் தோட்டம் இருந்த பக்கம் மேலே. எனக்குப் படகின் மூக்கு மேலே. சிரித்துக் களைத்து, புதுச் சொல் வைத்துக்கொண்டோம். கியர் போட்டால் 'போகட்டும்', நடுவில் வைத்தால் 'நிக்கட்டும்'.

எஞ்சினை முடுக்கினேன். அந்த இரைச்சலுக்குள் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்: "என்ன மச்சான், போகட்டுமா?"

"போகட்டும், போகட்டும்" என்று கம்பைத் தள்ளினேன். படகு சீராகப் போனது. நடுவுக்கு இழுத்ததும் நின்றது, ஊரவில்லை. அவன் எழுந்து, மிஞ்சிய நட்டை என் கையில் வைத்து, "வச்சிருங்க" என்றான். கண் கலங்கியிருந்ததா, புகையில் எரிந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

சில நாளில் இந்தியாவுக்குப் போக மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அழுத அக்காவிடம், "மச்சான்கிட்ட கேட்டுட்டுத்தானே அக்கா செஞ்சேன். போகட்டும்னு சொன்னாங்களே" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், நான் படகைத்தானே சொன்னேன்" என்றேன். "நானும் படகைத்தான் கேட்டேன்" என்று சிரித்தான். கேலி செய்வது அவனுக்குச் சோறு மாதிரி. இது கேலியா, நிஜமா என்று மட்டும் பிடிபடவில்லை. எத்தனையோ இரவு அதையே புரட்டிப் பார்த்துவிட்டேன், இன்னும் குழப்பம்தான்.

கொட்டகலை ஸ்டேஷனில் அவன் ஏறிய ரயில் நகர்ந்தபோது எங்களுடைய அந்த இன்னொரு சொல்லைச் சொல்லாமல் கையை மட்டும் அசைத்தேன். இன்று இழுப்பறையைத் திறந்தால் நட்டு உருண்டு ஓடுகிறது. விரலால் தடுத்து, "நிக்கட்டும்" என்கிறேன்.

"யாருகிட்ட பேசுறீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்கிறாள் அவன் அக்கா.