பதினோரு சதவீதக் குறிகள்

கூட இருந்தே குழி பறித்தவர்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையின் மாடியில், ஜன்னலோரமாக இருந்த கம்ப்யூட்டர். காலை ஆறரையிலிருந்து ஒன்றரை வரை அதில் நான். ஒன்றரையிலிருந்து இரவு எட்டரை வரை அவள். ஒரே நாற்காலி. அவள் குட்டையாக இருப்பாள், நாற்காலியை ஏற்றி வைத்துவிட்டுப் போவாள். நான் வந்து முனகிக்கொண்டே இறக்குவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுப் பதிப்பாளர்களின் கணிதப் புத்தகங்களைப் பக்கம் கட்டிக் கொடுக்கும் கம்பெனி. டெக் என்ற மென்பொருளில் வேலை. அதில் அடிக்க அடிக்கத் திரையில் பக்கம் தெரியாது. எழுத்தையும் கட்டளைகளையும் கலந்து ஃபைலில் அடித்து, ஓட்டிவிட வேண்டும். ஓடி முடிந்த பிறகுதான் எது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். பதினான்காம் பக்கத்தில் இருக்க வேண்டிய படம் இருபதாம் பக்கத்தில் சாவகாசமாக இருக்கும். ஒரு படம் நகர்ந்தால் போதும், வரிசை மாறக்கூடாது என்று பின்னால் இருக்கும் அத்தனை படங்களும் அதோடு சேர்ந்து நகரும். எல்லாவற்றையும் அதனதன் இடத்துக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு அத்தியாயம் அப்படி ஒழுங்காக வந்துவிட்டால் "நின்னுடுச்சு" என்போம். ஷிப்ட் மாறும்போது அவள் படியேறி வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "நின்னுடுச்சாக்கா?" என்பதுதான்.

அவள் நூம்பல்காரி. தலைமுறை தலைமுறையாக அங்கேயே நிலம் வைத்திருக்கும் குடும்பம். நான் ஆவடி குவார்ட்டர்ஸ். அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா.

டெக்கில் ஒரு சங்கதி உண்டு. ஒரு வரியில் சதவீதக் குறி போட்டால், அதற்குப் பிறகு அந்த வரியில் என்ன எழுதினாலும் டெக் படிக்காது. காகிதத்திலும் வராது. இன்னொன்று, வரி முடிகிற இடத்தை டெக் ஓர் இடைவெளியாக எண்ணிக்கொள்ளும். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தக் கட்டளைகளை நாலைந்து வரியாக எழுதினால், வரிக்கு ஓர் இடைவெளி புகுந்து, அகலம் போதாமல் இரண்டாவது படம் கீழே இறங்கிவிடும். வரிக் கடைசியில் ஒரு சதவீதக் குறி போட்டால் அந்த இடைவெளியையும் டெக் விழுங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு முழுதாக இரண்டு நாள் ஆனது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவளிடம் சொன்னேன். "அட, இம்மாத்தூண்டு புள்ளிக்கா இம்மாம் கலாட்டா!" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்செல்லாம் அந்தக் குறிக்குப் பின்னால்தான். நேரில் பார்ப்பது பத்து நிமிடம். மற்றதையெல்லாம் ஃபைலிலேயே எழுதி வைத்துவிடுவோம், தமிழை இங்கிலீஷ் எழுத்தில். "இந்தப் படத்தைத் தொடாதே, தொட்டால் அடுத்த பக்கம் ஓடிவிடும்" என்று வேலைச் செய்தியாக ஆரம்பித்தது. பிறகு அவள் அண்ணன் கல்யாணம், எங்கள் வீட்டுத் தண்ணீர் சண்டை, யாருக்கு எந்தப் புடவை, எல்லாம் வந்தது. நான் தனி வரி எடுத்து, அதன் தலையில் குறி போட்டு எழுதுவேன். அவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஏற்கெனவே வரிக் கடைசியில் ஒரு குறி இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னாலேயே பதிலை ஒட்டிவிடுவாள். மேனேஜருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்ததும் அவள்தான். அந்தப் பெயரை நான் கொஞ்சம் தாராளமாகவே உபயோகித்தேன்.

அந்த வருடம் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போவதாக முடிவு. எனக்குப் போக விருப்பமில்லை. அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். வேலை நிரந்தரமானால் நான் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் சாமான்களோடு நானும் கிளம்ப வேண்டியதுதான். கம்பெனியில் அந்த முறை ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சிருந்தது. மூத்தவள் என்பதாலோ, சிக்கலான அத்தியாயங்கள் எல்லாம் என் மேஜைக்கு வந்ததாலோ, அது நான்தான் என்று எல்லோருமே சொன்னார்கள். இந்தக் கதையையும் ஒரு வரி விடாமல் அவளுக்கு எழுதினேன். நம்பித்தானே எழுதினேன்!

ஃப்ளாப்பியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவது மதிய ஷிப்ட்டின் வேலை. அதற்கு முன்னால் ஒரு சின்ன ப்ரோக்ராமை ஓட்ட வேண்டும். அது எங்கள் பேச்சை மட்டும் உருவிவிட்டு, குறிகளை அப்படியே விட்டுவைக்கும். ஏழாம் அத்தியாயத்துக்கு அவள் அதை ஓட்ட மறந்துவிட்டாள். மறந்தது தப்பில்லை. யாருக்கும் நடக்கும்.

மூன்று வாரம் கழித்து, ஒருநாள் சாயங்காலம் பதிப்பாளரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. ஏழாம் அத்தியாயம் முழுக்கத் தங்களுக்குத் தெரியாத மொழியில் ஏதோ எழுதியிருக்கிறது, அது என்ன, சுத்தமாக்கித் திரும்ப அனுப்புங்கள் என்று. அப்போது சீட்டில் இருந்தவள் அவள். மேனேஜர் அவளிடம், "ஃபைல் அப்படியே இருக்கட்டும், காலைல பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாள் காலையில் நான் போனபோது திரையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஏழாம் அத்தியாயத்தை ஓட்டி, ஃபைலையும் பிரின்ட் எடுத்து வைக்கச் சொல்லி மேனேஜர் எழுதியிருந்தார். ஓட்டினேன். முப்பத்துமூன்று பக்கம் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அத்தியாயம் முப்பத்திரண்டு பக்கம். நாலு நாள் மல்லுக்கட்டி நான் நிறுத்தியது.

பக்கங்களைப் புரட்டினேன். பதினொன்றாம் பக்கத்தில் ஜோடியாக நிற்க வேண்டிய படங்களில் ஒன்று கீழே இறங்கியிருந்தது. அதற்கு இடம் போதாமல் இரண்டும் அடுத்த பக்கத்துக்குப் போய், அங்கிருந்து அத்தனையும் சரிந்திருந்தன. ஃபைலைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தேன். வரிக் கடைசியில் சதவீதக் குறி இல்லை. நான்தான் எதையோ அழித்துவிட்டேனோ என்று முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த ஜோடியைப் பார்த்தேன், அங்கும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

பிறகுதான் உறைத்தது. குறி போன இடமெல்லாம் அவள் எனக்குப் பதில் எழுதியிருந்த இடம்.

மேலிருந்து கீழாகப் படித்தேன். என் வரிகள் ஒன்று விடாமல் இருந்தன. "அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. "சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது" என்று எழுதியிருக்கிறேன், எதற்குச் சிரித்தேன் என்பது இல்லை. பைத்தியக்காரி தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருந்தது. ஃபைலைக் கடைசியாகத் திருத்திய நேரத்தைப் பார்த்தேன், முந்தின நாள் இரவு ஏழு ஐம்பது. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, தன்னுடையதை மட்டும் குறியோடு சேர்த்து வழித்தெடுத்திருக்கிறாள். என்னுடையதையும் சேர்த்து அழித்திருக்கலாமே, பாவி! அதற்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? அழுகை வந்தது, ஆத்திரத்தில் அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். அவளையும் சீக்கிரமாக வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேரையும் நிற்க வைத்து, பிரின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"உம்மணாமூஞ்சி இன்னும் வரல. வந்தா இன்னைக்கும் கடுகு பொரியும்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது யாரும்மா, நானா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் பிரின்ட்டை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது? நான் கவனிக்கவே இல்லயே" என்றாள். பிறகு அவரிடம், "க்ளீன் பண்ணிட்டேன்னு அக்காதான் சார் சொன்னாங்க. அதான் அப்படியே காப்பி போட்டேன்" என்றாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"பொய் சொல்லாதடி!" என்று கத்திவிட்டேன். கீழே லேத் ஓட்டுகிறவர்களுக்கே கேட்டிருக்கும். பிரின்ட்டைப் பிடுங்கி மேஜைமேல் விரித்தேன். "சார், முப்பத்திரண்டு பக்கம் ஏன் முப்பத்துமூணாச்சு? இதோ பாருங்க, இங்க குறி இல்ல. இங்க இல்ல. நான் போட்ட குறி சார் இதெல்லாம். இதுக்குப் பின்னாலதான் இவ எழுதியிருந்தா. நேத்து ராத்திரி உட்கார்ந்து அழிச்சிருக்கா."

மேனேஜருக்கு டெக் நன்றாகத் தெரியும். பென்சிலை எடுத்து, குறி போன இடங்களை அவரே வட்டமிட்டுக்கொண்டு போனார். பதினோரு வட்டம். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எனக்குப் புரியுதும்மா. ஒரு ஆள் தனியா இவ்ளோ பேச முடியாது" என்றார். "ஆனா பார்ட்டிக்கு நான் பதில் எழுதணும். யார் மேலயாவது நடவடிக்கை எடுத்தேன்னு சொல்லணும். அவங்ககிட்ட எத்தனை பேர் எழுத்து போயிருந்தா என்ன, அவங்களுக்கு அது புரியவா போவுது? நம்ம ஃபைல்ல இருக்கிறது உன் எழுத்து."

"அழிச்சவளுக்கு ஒண்ணும் கிடையாதா சார்?"

"அழிக்கணும்னு அவளுக்காவது தோணியிருக்கு" என்றார். அந்த உம்மணாமூஞ்சி என்னை மன்னிக்கவே இல்லை. கன்ஃபர்மேஷன் அவளுக்கு என்றும், எனக்கு அந்த மாதத்தோடு சரி என்றும் ஏதோ டீ சொல்வது போலச் சொல்லிவிட்டு எழுந்தார். கதவுகிட்டே போய்த் திரும்பினார். "போறதுக்கு முன்னாடி இந்தச் சாப்டரை நிறுத்திக் குடுத்துடு. பன்னண்டு மணிக்கு கூரியர்."

எழுந்து போயிருக்க வேண்டும். முடியாது போங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஊட்ல சொல்ட்டாங்கக்கா," என்றாள் மெதுவாக. "பெர்மனென்ட் ஆவலன்னா இனிமே வேலைக்கே போவாதன்னு. பயந்து பூட்டேன்."

"எனக்கு இல்லையாடி பயம்?"

"உங்களுக்கு ஊர்ல ஊடு கீது. அப்பாவும் கூப்ட்றாரு, போய் இருந்துக்கலாம். நீங்கதானக்கா எழுதியிருந்தீங்க."

எழுதியிருந்தேன். போனால் மூச்சு முட்டிச் செத்துவிடுவேன் என்றும் அதற்கு அடுத்த வரியிலேயே எழுதியிருந்தேன். அதையும் அவள் படித்தவள்தான்.

முதலில் என் வரிகளையெல்லாம் அழித்தேன். ஏறக்குறைய ஒன்றரை வருடப் பேச்சில் அந்த அத்தியாயத்தின் பங்கு. அழிப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அவளுடைய இடங்களுக்குப் போனேன். பென்சில் வட்டத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஒரு சதவீதக் குறி போட்டேன். பின்னால் ஒன்றும் இல்லாத வெறும் குறி. ஒன்பதாவதில், அவள் அண்ணன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தது ஞாபகம் வந்தது. எல்லாம் போட்டு முடித்து ஓட்டினேன். படங்கள் ஜோடி ஜோடியாக மேலே ஏறின. முப்பத்திரண்டு பக்கம்.

"நின்னுடுச்சாக்கா?" என்றாள்.

எத்தனை நாள் பழக்கம்! என் மானங்கெட்ட வாய், "நின்னுடுச்சு" என்றது.

சித்திரை முடிவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். அம்மாவும் தம்பியும் முதல் நாளே ரயிலில் போய்விட்டார்கள். சாமான் லாரியில் டிரைவர் பக்கத்தில் அப்பாவும் நானும். நடந்தது எதையும் நான் வீட்டில் சொல்லவில்லை, கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பை நிறைய வெண்டைக்காயோடு வந்து, எங்கள் வீட்டில் சொதி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கிளம்பும் வரை அப்பா கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது கேட்டேவிட்டார்.

"ஏம்மா, அந்தப் பிள்ள வழியனுப்ப வரலையே? அவளுக்கு மத்தியானந்தானே வேலை?"

"இல்லப்பா," என்றேன். "இப்ப அவளுக்குக் காலை ஷிப்ட்."