குட்டி ட்ரெய்லரின் இடதுபக்கச் சக்கரம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். எங்களிடமும் ஒரு ட்ரெய்லர் இருந்தது. நைனா தன் மொபெட்டுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகும் இரண்டு சக்கர வண்டி. காசிமேட்டில் கடைகடையாக ஐஸ் பெட்டி இறக்குவார். எங்கள் தெருவில் அதற்குக் 'குட்டி கன்டெய்னர்' என்று பெயர்.

அப்போது நான் ஒண்ணாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரம்பூரில் அம்மாவின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. வருகிறேன் என்று சொன்ன நைனா வரவில்லை. "எங்க உன் வூட்டுக்காரரு?" என்று ஆளாளுக்குக் கேட்டதில் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவரிடமும் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா துணிகளை மூட்டை கட்டினாள். பெரம்பூருக்கே போய்விடுவதாக முடிவு. தன் தையல் மிஷினை மட்டும் விட்டுப்போக அவளுக்கு மனமில்லை.

"உங்க நைனாகிட்ட சொல்லு. மிஷினை ட்ரெய்லர்ல ஏத்திக்கினு போய் மாமா வூட்ல எறக்கணும்."

புருஷனை விட்டுப்போவதற்கும் புருஷனுடைய வண்டிதான் வேண்டியிருந்தது. நைனா மிஷினைத் தூக்கிவந்து வாசலில் வைத்தார். பார்த்தால் ட்ரெய்லரின் இடதுபக்கச் சக்கரம் காற்றிறங்கித் தரையோடு படிந்திருந்தது.

பஞ்சர் ஒட்டுவது அவருக்குப் பழகிய வேலை. டயரை நெம்பி டியூபை உருவினார், காற்றடித்தார். யாரும் கேட்காமலே அம்மா ஒரு டப்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நைனா டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கி மெதுவாகச் சுற்றினார். வால்வுக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின.

"தோ நைனா, இங்க காத்து வருது!"

"எங்க? ஒண்ணியும் காணோமே."

அவருடைய கட்டைவிரல் சரியாக அந்த இடத்தை மூடியிருந்தது. டியூப் மறுபடி சுற்றியது. இந்தத் தடவை குமிழிகள் அம்மாவின் மூக்குக்கு நேராகவே வந்தன. அவளும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் சில சுற்றுகள் போயின. தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் நைனா சொன்னார்: "அன்னிக்கு நான் வந்திருக்கணும். கீறதே ஒரு நல்ல சட்டை, அதுவும் தோள்ல கிழிஞ்சிடுச்சி. அதோட உங்க அண்ணன் எதிர்ல வந்து நிக்க கூச்சமா இருந்திச்சி."

"வூட்லயே தைக்கிறவ ஒருத்தி கீறேன்," என்றாள் அம்மா, நேராக அவரிடமே. "ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

நைனா டியூபைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்ந்தது.

"இன்னா, ஓட்ட கெடச்சுதா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்ல."

"சரி, மிஷினை உள்ள தூக்கி வையி."

நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே கண் சரியாகத் தெரியவில்லை, சீக்கிரம் கண்ணாடி போட்டாகவேண்டும் என்று நடந்ததையெல்லாம் கவலையோடு சொன்னேன். அவள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.