முனிரத்தினம் அண்ணன் எடுத்த ஸ்டிக்கர்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முனிரத்தினம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது, நான் டீக்கடையில் அவரைப்போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போன் வந்தது. மாரடைப்பாம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

புத்தூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து சைக்கிள் கடை வைத்திருந்தோம். சைக்கிளில் ஒட்டிய பழைய ஸ்டிக்கரை யாராவது எடுக்கச் சொன்னால் என் கை பிளேடைத் தேடும். அவர் அடிக்க வருவார். "பெயிண்ட்டு மேல கத்தி வைக்காத. சூடு காட்டு, அதுவா உட்டுடும்" என்பார்.

ஒருநாள் நகரி விசைத்தறியில் வேலை செய்யும் சேகர் சைக்கிளோடு ஓடிவந்தான். பாரில் எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டிய 'லதா'. லதாவுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மறுநாள் வெதுருகுப்பத்திலிருந்து பெண் வீட்டார் இவன் வீடு பார்க்க வருகிறார்கள்.

"இத்த பாத்தா அப்டியே திரும்பிப் பூடுவாங்கண்ணா."

"வர்ற பொண்ணு பேர லதான்னு மாத்திடலாம்டா" என்றேன்.

"உன் வாய்க்குத்தான் மொதல்ல ஒத்தடம் குடுக்கணும்" என்றார் அண்ணன்.

வெந்நீரில் நனைத்த துணியைப் பாரில் சுற்றிவைத்தார். எழுத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, பாரோடு படிந்தாற்போல மெதுவாக இழுத்தார். மிச்சப் பசையில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, பழைய பனியனால் துடைத்தார். ஒரு கீறல் இல்லை.

ஆனால் லதா போகவில்லை. சுற்றிலும் பெயிண்ட் வெயிலில் வெளுத்துக் கிடக்க, எழுத்து இருந்த இடம் மட்டும் புத்தம்புதுப் பச்சை. முன்னைவிட நன்றாகப் படிக்க முடிந்தது. சேகர் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் தின்னரை எடுத்தேன். "வை அத" என்றார் அண்ணன். "ஒட்னத எடுத்துட்டேன். வெயில் எழுதனத யாரு எடுக்கறது?" ஸ்டிக்கர் டப்பாவைக் கிளறினார். பிறகு கடையில் இருந்ததிலேயே பெரிய பெருமாள் நாமம் ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டினார். மறுநாளே சம்பந்தம் பேசி முடிந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அவசரமில்லாத கைதான். இப்போது ஸ்டிக்கர் எடுக்க யார் வந்தாலும் முதலில் வெந்நீர் போடுகிறேன்.

அண்ணனின் காரியத்தன்று ஆட்டுக்கறிச் சாப்பாடு. சேகர் மாமனாரோடு வந்து பந்தியில் உட்கார்ந்தான். கறி வாளி வந்ததும் மாமனார் குறுக்கே கையை நீட்டினார்.

"எங்க மாப்பிள்ளைக்கு வேணாம்பா. பெருமாள சைக்கிள்லயே வச்சிக்கினு சுத்தறவரு. கல்யாணத்துலருந்தே நாங்க கறி போடறதில்ல."

சேகர் என்னைப் பார்த்தான். பிறகு ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.