சாமி படத்தைக் கழற்றிக்கொண்டு நின்றேன்

போன ஆடி மாதம் என் வீட்டுக்காரர் ஏழுமலையின் இடது கால் குடோனில் நசுங்கியது. அன்றிலிருந்து கார்த்திகை தீபம் முடியும் வரைக்கும் நான் கிரிவலம் போகவில்லை. உடம்பு முடியாமல் இல்லை. வர மாட்டேன் என்று அண்ணாமலையாரிடமே சொல்லிவிட்டுத்தான் போகாமல் இருந்தேன்.

நான் அஞ்சலை. நம் பௌர்ணமி பஜனைக் கூட்டத்தில் வழக்கமாகக் கடைசி வரிசையில், தூண் ஓரமாக உட்காருகிறவள். நடந்ததை எழுந்து நின்று சொல்லச் சொன்னீர்கள். என்னால் ஆகாது. பஸ்ஸில் என் ஸ்டாப்பிங் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். பத்தாவது வரை படித்திருக்கிறேன். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது படியுங்கள். ஆனால் ஒரு வரியும் விடாமல் படியுங்கள். சில வரிகள் உங்களுக்குப் பிடிக்காது. அதையும் படியுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் ஒரு குடோனில் வேலை செய்கிறோம். பிஸ்கெட், எண்ணெய், சோப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கே வந்து இறங்கி நம் ஊர்க் கடைகளுக்குப் போகும். அங்கே இருக்கிற ரேக் சாதாரண ரேக் இல்லை. ஒவ்வொரு லேனும் சறுக்குமரம் மாதிரி சரிவாக இருக்கும். அடியில் முழுக்க இரும்பு உருளைகள். ரோலர் என்போம். பின்பக்கம் உயரமான முனையில், சரக்கு அடுக்கிய மரப் பேலட்டை ஃபோர்க்லிஃப்ட் வண்டி வைக்கும். பேலட் தன் எடையிலேயே மெதுவாக உருண்டு முன்பக்கம் வந்து நிற்கும். முன்னால் இருப்பதை எடுத்தால் அடுத்தது தானாக வரும். கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகும். நல்ல ஏற்பாடு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு ரோலர் வளைந்தாலோ, பேலட்டில் ஒரு பலகை பெயர்ந்தாலோ நடுவில் சிக்கிக்கொள்ளும். பின்னால் இருப்பதெல்லாம் அதன்மேல் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த மாதிரி நேரத்தில் லேனுக்குள் ஆள் போகக் கூடாது. சிவப்பு எழுத்தில் போர்டே இருக்கிறது. பின்பக்கம் வண்டியை நிறுத்தி, ஏற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்க வேண்டும். நேரம் பிடிக்கும். வாசலில் லாரி நிற்கும்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது? கடப்பாரையோடு ஒரு ஆளை உள்ளே அனுப்பித் தட்டிவிடச் சொல்வார்கள். எல்லாருக்கும் தெரிந்த தப்பு, எல்லாரும் செய்கிற தப்பு. அன்று அனுப்பியது என் வீட்டுக்காரரை.

நான் அடுத்த வரிசையில் அட்டைப்பெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு அவர் குரல். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த மாதிரி அவர் என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த சூப்பர்வைசர் பிரகாஷ் சார், எங்கள் சொந்தக்காரர்கள் முன்னாலேயே சொன்னார். "போர்டு போட்டிருக்குதுல்ல? அவரா ஏறினா நாங்க இன்னா பண்றது?"

அனுப்பியதே அவர்தான். "யார் சார் ஏறச் சொன்னது?" என்ற கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்தது. வாய் திறக்கவில்லை. புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

காலில் ராடு வைத்தார்கள். டாக்டர் நல்ல மனுஷர், மறைக்காமல் சொன்னார். "கால் இருக்கும்மா. ஆனா பழைய கால் இருக்காது."

அந்த வார்டு ஜன்னலில் நின்றால் மலை தெரியும். இந்த ஊரில் எங்கே நின்றால்தான் தெரியாது? மதிய நேரம். வெயிலில் மலை காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துச் சொன்னது இதுதான். சத்தமாக இல்லை, மனசுக்குள்தான்.

'கல்யாணம் ஆனதிலிருந்து உன்னச் சுத்தி வர்றேன். இதுவரைக்கும் உங்கிட்ட எதையாவது கேட்டிருக்கேனா? உங்கிட்ட கேக்கக்கூட எனக்குக் கூச்சம். இப்ப கேக்கறேன். அந்த மனுஷன் காலைக் குடு. இல்லாட்டி எனக்கு வாயைக் குடு. ரெண்டுல ஒண்ணு குடுக்கற வரைக்கும் உன்னச் சுத்த மாட்டேன். நீ மலையா இருந்தா எனக்கின்னா?'

இதைக் கேட்டு உங்களில் சிலருக்குக் காது கூசும். புரட்டாசியில் என் வீட்டுக்கு வந்த ஒரு அக்கா முகத்துக்கு நேராகவே சொன்னார். "சாமிகிட்ட வீம்பு பண்ணலாமா அஞ்சலை? அதான் அவருக்குக் கால் ஆற மாட்டேங்குது." நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றும் வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன். வீம்பு செய்ய உரிமை இல்லாத இடத்தில் நான் கும்பிட மாட்டேன்.

குடோனில் என்ன செய்தார்கள் தெரியுமா? வளைந்த ரோலரை மாற்றவில்லை. ஆர்டர் கொடுத்திருக்கிறோம், வரும் என்றார்கள். அதற்குப் பதிலாக ஒரு வெள்ளிக்கிழமை ரேக் முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். லேனுக்கு லேன் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் அடிபட்ட லேனின் தூணில் ஆணி அடித்து அண்ணாமலையார் படம் மாட்டிச் சந்தனம் வைத்தார்கள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை. படத்துக்குப் பின்னால் அதே வளைந்த ரோலர். என் சாமியைச் சம்பளம் இல்லாத வாட்ச்மேனாக நிற்க வைத்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது.

தீபத்துக்கு முந்தின வாரம் வந்தது. ஊருக்கு வரப்போகிற கூட்டத்துக்குத் தண்ணீரும் பிஸ்கெட்டும் போயாக வேண்டும். வாசலில் லாரிகள். பிரகாஷ் சார் ஒரு காதில் போன், இன்னொரு காதில் போன். அந்த நேரம் பார்த்து அதே லேன் சிக்கிக்கொண்டது. தண்ணீர் பாட்டில் பேலட். மேலே வரிசையாக மற்றவை முட்டிக்கொண்டு நின்றன.

"சேகரு, கடப்பாரை எடுத்துக்கினு ஏறு. ஒரு தட்டு தட்டிட்டு வா."

சேகர் புதிதாக வந்த லோடுமேன். இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா. கடப்பாரையை எடுத்தார், ஆனால் கால் நகரவில்லை. என் வீட்டுக்காரர் கதை அவருக்கும் தெரியும்.

பிரகாஷ் சார் படத்தைக் காட்டினார். "அதான் சாமி கீறாரே. ஒண்ணும் ஆவாது. கும்பிட்டுட்டு ஏறு."

அந்த வார்த்தையில்தான் எனக்குள் என்னவோ ஆனது. நான் போனது எனக்கே தெரியாது. தூணிலிருந்து படத்தைக் கழற்றினேன். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சேகர் ஏறாமல் லேன் வாசலை அடைத்து நின்றேன்.

"யக்கா, இன்னா பண்றே? நவுரு."

"நவுர மாட்டேன் சார்."

"லாரி நிக்குதுக்கா!"

"நிக்கட்டும். எங்க வூட்டுக்காரர் நிக்க முடியாம கெடக்கறாரு. அன்னிக்கி அவரை ஏறச் சொன்னது யாரு சார்? நீங்க. இன்னிக்கி இவரை ஏறச் சொல்றது யாரு? நீங்க. நடுவுல எங்க சாமிய இழுக்காதீங்க. ஆள அனுப்பறது நீங்க, பழிய சாமி வாங்கிக்கணுமா?"

குடோன் முழுக்கக் கேட்டது. என் குரல் இவ்வளவு தடிப்பு என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"நாளைக்கி நீ வேலைக்கி வர வேணாம்," என்றார்.

"வர்லன்னா நாளைக்கித்தான வர்ல? இன்னிக்கி இங்கதான் இருப்பேன்."

எங்கேயோ ஒரு சிரிப்புச் சத்தம் வந்து நின்றது. பொய் சொல்ல மாட்டேன், யாராவது ஒருவர் கையைப் பிடித்து இழுத்திருந்தால் அழுதுகொண்டே நகர்ந்திருப்பேன். படத்துக்குள் இருந்தவரிடம் சொன்னேன், 'வாயைக் குடுத்துட்டே. ஆளையும் குடு. தனியா நிக்க வெச்சிடாதே.'

பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட் சத்தம் நின்றது. அதை ஓட்டுகிற பாஷா பாய் இறங்கி முன்னால் வந்தார். சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "சார், ஆளு உள்ள போனா நான் வண்டி எடுக்க மாட்டேன். பின்னாலேர்ந்து எறக்கச் சொல்லுங்க, இப்பவே எறக்கறேன். டைம் கொஞ்சம் ஜாஸ்தி ஆவும். அவ்ளோதான?"

சேகர் கடப்பாரையைக் கீழே வைத்தார். மற்ற லோடுமேன்களும் வந்து பக்கத்தில் நின்றார்கள். பிரகாஷ் சார் எங்கள் எல்லாரையும் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு, "எறக்குங்க, எப்படியோ போங்க," என்றார்.

"அக்கா, இப்ப தள்ளி வந்துரு," என்றார் பாஷா பாய். எல்லாரும் ஓரமாக வந்தோம். அவர் பின்னால் போய், கடைசிப் பேலட்டின் அடியில் வண்டியின் இரும்புக் கைகளை விட்டுத் தூக்கினார். அவ்வளவுதான். அந்த அதிர்வில் சிக்கியிருந்தது தானாக விடுபட்டது. யாரும் தொடவில்லை. தண்ணீர் பாட்டில் பேலட், அதற்குப் பின்னால் மற்றவை, எல்லாம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கடகடவென்று இறங்கி வந்து முன்னால் இருந்த தடுப்பில் மோதின. தரை அதிர்ந்தது. கட்டியிருந்த எலுமிச்சம்பழம் நசுங்கி அந்த வாசனை எங்கும் வந்தது. தண்ணீர் ஓடி எங்கள் காலை நனைத்தது.

சேகர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் படத்தைப் பிடித்த பிடியை விடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. பிரகாஷ் சார் என் பக்கத்தில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "ராத்திரி சோறு எறங்கலக்கா." அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் கம்மியானது. முழுசாகப் போகவில்லை. தீபம் முடிந்த கையோடு ரோலர் வந்தது. லேன் வாசலுக்கு இரும்பு வலை வந்தது. இப்போது சிக்கினால் யாரும் கடப்பாரையைத் தேடுவதில்லை, பாஷா பாயைத்தான் தேடுகிறார்கள். படத்தை நான் பிரகாஷ் சாரின் மேசைக்கு நேர் எதிரே மாட்டச் சொன்னேன். சாமிக்கு அங்கேதான் வேலை ஜாஸ்தி.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கண் கலங்கினார். உடனே மறைத்துக்கொண்டு, "வூட்ல உப்பு இல்லன்னு சொல்லவே வாய் தொறக்க மாட்டே. அங்க போயி தொறந்தியா? இனிமே என் பாடு திண்டாட்டம்தான்," என்றார்.

தை மாதம் ஒரு நாள் விடியற்காலையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் கிரிவலம் புறப்பட்டோம். சாமியோடு என் வழக்கு முடிந்துவிட்டது, இனி நான் சுற்றத்தான் வேண்டும். அவர் கோலை ஊன்றிக்கொண்டு, வழியில் எமன் பேரில் இருக்கிற எமலிங்கம் சன்னதி வரைக்கும் நடந்தார். அங்கே மூச்சு வாங்க உட்கார்ந்து, "இவரைத்தான் ஆடியிலேயே பாத்துட்டேனே. நீ மிச்சத்த சுத்திட்டு வா," என்றார். நான் மிச்சத்தைச் சுற்றினேன். அவருக்கும் சேர்த்து.

அவர் இன்றும் விந்தி விந்தித்தான் நடக்கிறார். "அப்போ உன் வேண்டுதல் பாதிதானே பலித்தது?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் கேட்டது இரண்டில் ஒன்று. அண்ணாமலையார் ஒன்றைக் கொடுத்தார். அந்த ஒன்றினால் சேகரின் இரண்டு கால்களும் இன்று வேலைக்கு வந்து போகின்றன. இது பாதி என்றால் முழுசு எது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியும். கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள். மலை அதற்கெல்லாம் அசையாது, நம்மை விட்டும் போகாது. அவர் வாயைக் கொடுத்தால் மட்டும், அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

நேற்று பஸ்ஸில் வரும்போது என் ஸ்டாப்பிங் வந்தது. "நிறுத்துங்க" என்றேன். நின்றது.