ஓரம் குறைந்த இருபது காசு

என் மனைவி உஷாராணியைப் பற்றி நானே எழுதினால் வீட்டுப் பெருமை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் நாணயச் சேகரிப்பாளர்களில் அவள் ஒருத்திதான் பெண். வேலை முடிந்த கையோடு ஃபேக்டரி யூனிஃபார்மில் வருகிறவளும் அவள் ஒருத்திதான். தெலுக் பங்லிமா காராங்கில், தகட்டை அழுத்திக் கார் பாகம் செய்யும் ஃபேக்டரியில், பதினெட்டு வருடமாகப் பழுதானதைப் பொறுக்கி ஒதுக்குகிற வேலை. அங்கிருந்து அவளைக் காரில் கூட்டத்துக்கு அழைத்துவருவது என் வேலை.

கோணலான காசைக் கண்டால் எல்லாருக்கும் ஆசை பொங்கும். அச்சடிக்கிற இடத்திலேயே தவறிப் பிறந்த காசு அபூர்வம். வெளியே வந்தபிறகு சுத்தியலோ லோரி டயரோ பட்டு நெளிந்தது வெறும் சேதம். இரண்டையும் பிரித்துச் சொல்வதில் உஷாவுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஐம்பது காசை, "டிரில் பட்டது லா, விடுங்க" என்று ஒரே பார்வையில் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் கம்போங் மேடானிலிருந்து வீரம்மா என்று ஓர் அக்கா வந்தார். கைக்குட்டை முடிச்சில் பழைய இருபது காசு. ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டைக் காணோம். ஆனால் காசு பளபளவென்று மின்னியது. நாலு பேர் பார்க்கப்போகிற பொருளாயிற்றே என்று, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். சேகரிப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பாவம் இல்லை; தேய்த்த காசுக்கு மதிப்பே போய்விடும். மேசையைச் சுற்றி நின்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அக்கா விலை கேட்கவில்லை. அவர் கணவர் ராஜன் ஒரு வொர்க்‌ஷாப்பில் இரும்பு வெட்டுகிறவர். பாசாரில் மீன் வாங்கிய சில்லறையில் இந்தக் காசு கிடைத்ததென்று, பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே கூட்டத்துக்குக் கொண்டுவந்தாராம். நீயே வெட்டிவிட்டுக் கதை விடுகிறாய் என்று எல்லார் முன்னாலும் ஒருவர் சொல்லியிருக்கிறார். தலைகுனிந்து திரும்பியவர் போன வருடம் இறந்துபோனார்.

"அவரு வெட்டுனாரா இல்லையா, அது மட்டும் சொல்லும்மா. எனக்கே சந்தேகம்தான்," என்றார் அக்கா உஷாவிடம்.

ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள் என் மனைவி. லென்ஸை எடுத்தாள். துண்டு போன இடத்தை விட்டுவிட்டு, அதற்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பையே வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க பாருங்கக்கா. எதிர்ப்பக்கம் விளிம்பு எழும்பவே இல்ல. அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே வெறும் வட்டத்த ரெண்டு பக்கமும் நெருக்கித்தான் விளிம்பு ஏத்துவாங்க. ஒரு பக்கம் அப்பவே இல்லாததால இந்தப் பக்கம் அழுத்தம் விழல. பிறகு வெட்டியிருந்தா இது முழுசா இருக்கும். எங்க ஃபேக்டரிலயும் தகடு சரியா நகரலன்னா, முன்ன குத்துன ஓட்டை மேலயே குத்தி இப்படித்தான் பிறை விழும்."

கூட்டத்தின் மூத்தவர் சீவரத்தினம், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தேய்த்ததில் விளிம்பு போயிருக்கலாமே என்று இடைமறித்தார். மற்ற இடத்திலும் அதே புளிதானே பட்டது, அங்கெல்லாம் விளிம்பு நிற்கிறதே என்று உஷா லென்ஸை அவரிடமே நீட்டினாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேய்ச்சது நீங்க. அவரு வெட்டல."

கிழவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸை வைத்தபோது அவர் முகம் சுருங்கியிருந்தது.

"அண்டைக்கு அவரைச் சொன்னது நான்தான், பிள்ளை. பிழை என்ர."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. யூனிஃபார்மில் நிற்கிற என் மனைவிக்கு முன்னால் அந்த மனிதர் எல்லாரும் கேட்கத் தன் பிழையை ஒப்புக்கொண்டார். அச்சில் நேர்ந்த பிழைதான் என்று உறுதியான காசுக்கு அட்டை எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவரே பேனாவை எடுத்து, பிழையின் வகையை எழுதி, அதன் கீழே 'கண்டெடுத்தவர்: ராஜன்' என்று எழுதினார்.

வீரம்மா அக்கா அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். கண்ணீர் ஓட ஓட, கணவர் சத்தியம் பண்ணியும் தான் நம்பவில்லை என்று உஷாவிடம் மெல்லச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் காசை நீட்டிக்கொண்டே போனார்.

"எங்க வீட்டுக்காரரு கண்டெடுத்தது. பாருங்க."