துடைத்து வைத்த தீ விபத்து

சலவைக்கடை நடத்தும் அந்தப் பெண்ணைத் தெருவே பளிச்சக்கா என்றுதான் கூப்பிடும். கடைக்கு வருபவரின் செருப்பை முதலில் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை.

துணி உலர்த்தும் பெரிய மிஷின்தான் கடைக்கு உயிர். வங்கிக் கடனில் வாங்கியது. கடன் கொடுத்த கையோடு வங்கியே அதற்கு இன்சூரன்ஸ் எடுத்துவிட்டது. பிரீமியம் ஆண்டுதோறும் அக்காவின் கணக்கிலிருந்து தானாகக் கழியும். என்ன ஏது என்று அவர் கேட்டதில்லை. யாரும் வாய் திறந்து சொன்னதும் இல்லை.

ஒரு மதியம் மிஷினுக்குப் பின்னால் ஒயர் உருகித் தீப்பிடித்தது. ஆட்களுக்குக் காயமில்லை. மிஷின் மட்டும் கரிக்கட்டை ஆனது.

"நமக்குக் கெட்ட நேரம்க்கா" என்றான் கடையில் கூட வேலை பார்க்கும் தம்பி.

"நேரம் நல்லாத்தான்டா இருந்துச்சு. கெட்டது ஒயர். அது ஏன் கெட்டுச்சுன்னு எலெக்ட்ரீஷியனப் போய்க் கேளு."

இவ்வளவு தெளிவாகப் பேசியவர், அடுத்து செய்ததுதான் வேடிக்கை. கரி படிந்த கடையை வாடிக்கையாளர் பார்ப்பதா? மானம் போய்விடாதா? தரையைக் கழுவினார், சுவருக்கு வெள்ளையடித்தார், எரிந்த மிஷினைப் பழைய இரும்புக்காரருக்குத் தள்ளிவிட்டார். தீ விபத்தைக் கேள்விப்பட்ட வங்கி தகவல் கொடுத்து, இழப்பை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது கடை கல்யாண வீடு போல இருந்தது.

"எரிஞ்ச கடை எதும்மா?"

"இதான் சார்."

"இதுவா? என் வீடே இவ்வளவு சுத்தமா இல்லையே!"

"அழுக்கா வெச்சிருந்தாதான் நம்புவீங்களா?"

"என்ன பண்றது? உங்களுக்குக் கறை போகணும், எனக்குக் கறை இருக்கணும். எதையும் பாக்காம நான் என்னத்த எழுதுறது?"

நல்ல மனிதர். தலையைச் சொறிந்தபடியே அக்காவோடு இரும்புக்கடைக்குப் போனார். மிஷின் பாதி பிரிக்கப்பட்டுக் கிடந்தது. எரிந்த பின்பக்கமும், எண் பொறித்த தகடும் மிச்சம் இருந்தன. இரண்டையும் படம் எடுத்துக்கொண்டார். இழப்பீடு கிடைத்தது.

பணம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, புது மிஷினுக்கு விலையெல்லாம் விசாரித்துவிட்டு வங்கிக்குப் போனார் அக்கா. மேனேஜர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "வாழ்த்துகள்மா. உங்க கடன் மொத்தமா அடைஞ்சிடும்."

"கடன் அடையட்டும் சார். மிஷின்?"

"பாலிசில வங்கி பேரும் இருக்கு. பணம் முதல்ல கடனுக்குத்தான் வரும்."

அக்காவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. "பிரீமியம் கட்டினது நான். எரிஞ்சது என் கடை. காப்பாத்தினது உங்களையா?"

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார்.

மிஷின் இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் வீட்டில் அடுப்பு இல்லை. அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. "ஒரு சந்தேகம் சார். கடன அப்படியே வெச்சுக்கங்க, மாசாமாசம் நான் கட்டுறேன். இந்தப் பணத்துல மிஷின் வாங்க முடியாதா? புது மிஷினையும் உங்க பேருக்கே அடமானமா எழுதிக்கங்க."

"முடியும்" என்றார் மேனேஜர், மெதுவாக. "மேலிடத்துல அனுமதி வாங்கி, மிஷின் கம்பெனிக்கே நேரா பணத்த அனுப்பலாம்."

"இத ஏன் சார் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா!"

எனக்கு ரத்தம் கொதிப்பது இந்த இடத்தில்தான். பணம் பிடிக்கும்போது அவரை யாரும் கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அவர் கேட்க வேண்டுமாம். தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைத் தானே ஊகித்து, சரியான சொல்லில், சரியான நாற்காலிக்கு முன்னால் கேட்டாக வேண்டும். கேட்கத் தெரியாதவர் கதி? கடன் அடைந்த மகிழ்ச்சியோடு கடையைப் பூட்ட வேண்டியதுதான். இதற்கு விதி என்று பெயர் வைத்தவர்கள், விதி என்ற சொல்லுக்கு இருக்கும் பழைய மரியாதையில் ஒளிந்துகொள்கிறார்கள்.

அனுமதி வந்தது, மிஷினும் வந்தது. கடை ஓடுகிறது.

சென்ற வாரம் பாலிசியைப் புதுப்பிக்க அக்கா வங்கிக்குப் போயிருந்தார். வாடிக்கையாளர் துணி எரிந்தால் யார் தருவது, வெள்ளம் புகுந்தால் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசை நீண்டது. சீட்டில் இருந்தவர், "பின்னாடி ஆள் நிக்கிறாங்கம்மா" என்றார்.

வரிசையில் நின்ற ஒர்க்‌ஷாப்காரர் கழுத்தை நீட்டினார். "பரவால்ல சார், நிதானமா சொல்லுங்க. அக்கா, அந்த வெள்ளம் மேட்டர இன்னொரு தடவ கேளுங்க."