சாப்பாட்டு மேசையில் ஒரு நோயாளி

எங்கள் மகள் பிஸியோதெரபி படிக்கச் சேர்ந்தபோது, அது என்ன படிப்பு என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஏறக்குறைய டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். "அப்பா, அப்படிச் சொல்லாதீங்க லா. பிஸியோ வேற, டாக்டர் வேற" என்று அவள் பலமுறை திருத்தினாள். நான் திருந்தவில்லை. இறைச்சிக் கடைக்காரர் தன் முதுகைக் காட்டி மருந்து கேட்ட பிறகுதான் கொஞ்சம் அடக்கி வாசித்தேன்.

எங்கள் வீடு கிள்ளானில். அவள் கல்லூரி சுபாங் ஜெயாவில். போய்வரக்கூடிய தூரந்தான் என்றாலும், காலை நெரிசலை நினைத்து அங்கேயே மூன்று தோழிகளோடு ஒரு வீட்டில் தங்கினாள். முதல் வருடம் முழுக்க எலும்பு, தசை, நரம்பு என்று பெயர்களை மனப்பாடம் செய்தாள். இரண்டாம் வருடத்தில்தான் மனிதர்களைத் தொட்டுப் பழகும் வகுப்புகள். அவை தொடங்கிய நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. யாரும் வெளியே போகக்கூடாது, கல்லூரிகளை மூடு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.

அவளை அழைத்துவரப் போனேன். இரண்டு துணிப்பைகளோடும் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்போடும் வாசலில் நின்றிருந்தாள். முதுகெலும்பைப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள்.

"ரெண்டு வாரம்தான். அப்புறம் எல்லாம் பழையபடி ஆயிடும்" என்று வழியெல்லாம் தைரியம் சொன்னேன். நான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். கப்பல் வரும் நாளைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத நான், நோய் போகும் நாளைச் சொன்னேன்.

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம்.

வீட்டில் மூன்று பேர். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவள் வரவேற்பறையிலிருந்து மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாக வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். மகள் தன் அறையில் பாடம் கேட்டாள். எனக்குக் கிடைத்த இடம் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவில். என் மேலதிகாரியோடு நான் பேசிய பேச்சுகளில் பாதிக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்திருக்கும்.

கல்லூரி, செய்முறை வகுப்புகளையும் வீட்டிலிருந்தே நடத்துவதாக அறிவித்தது. மாணவர்கள் வீட்டில் இருக்கும் யாரையாவது நோயாளியாக வைத்துப் பழக வேண்டும். மகள் சாப்பாட்டுக்கு வந்தபோது தயங்கித் தயங்கி இதைச் சொன்னாள்.

"நான் இருக்கேன்ல!" என்றேன். கேட்டு முடிக்குமுன்பே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன் என்று மனைவி இன்றும் சொல்வாள். அது மிகை. முதல் பொத்தான் மட்டுந்தான்.

கட்டில் தாழ்வாக இருந்ததால் அவளுக்குக் குனிந்து குனிந்து முதுகு வலித்தது. கடைசியில் சாப்பாட்டு மேசைதான் சரியான உயரம் என்று முடிவானது. அதன்மேல் ஒரு மெல்லிய மெத்தையைப் போட்டு நான் ஏறிப் படுத்தேன். அந்த செமஸ்டர் முழுக்க நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். "நீங்க எண்ணெய் தேய்ச்சுப் படுத்த இடத்துல நான் ரசம் ஊத்த மாட்டேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

நான் ஒரு நல்ல நோயாளி என்று மனதார நம்பினேன். மகள் என் முதுகைத் தடவி எலும்புகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின்மேலும் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு எண் எழுதுவாள். கூச்சத்தில் நான் நெளிவேன். கோடு வளைந்துவிடும். "அப்பா, செத்த பொணம் மாதிரி படுங்களேன்" என்பாள். செத்த பிணம் கேள்வி கேட்காது. நான் கேட்டேன். இது எந்த எலும்பு, இதற்கு இந்தப் பெயரை யார் வைத்தார், என் எலும்பு மற்றவர்களுடையதைவிடப் பெரிதா?

ஒருநாள் அந்தக் கோடுகளோடேயே கடைக்குப் போய்விட்டேன். அப்போதெல்லாம் குடும்பத் தலைவர் ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம். வீட்டில் எந்த முடிவையும் எடுத்திராத எனக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது. வழியில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். என் கழுத்திலும் கையிலும் இருந்த நீலக் கோடுகளையும் எண்களையும் உற்றுப் பார்த்தார்.

"அப்பா இனி, அங்கிள்?"

இது என்ன என்று மலாயில் கேட்கிறார். பதற்றத்தில் என் காதில் 'அப்பா' மட்டுந்தான் விழுந்தது. "ஆமாம், அப்பா, சயா அப்பா" என்று, நான்தான் அப்பா என்பதைத் தமிழும் மலாயுமாகக் குழப்பினேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அனாக் புன்யா ஹோம்வர்க்" என்றேன். பிள்ளையுடைய வீட்டுப்பாடம். அவர் ஒரு நொடி யோசித்தார். முகக்கவசத்துக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. போங்கள் என்று கையைக் காட்டினார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகவே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மகள் மெல்ல மெல்லச் சோர்ந்துபோனாள். வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். தோழிகளோடு பேசுவதும் குறைந்தது. ஒரு மாலை துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"நான் நிறுத்திடலாம்னு பாக்குறேன்பா. ஒரு நெஜ பேஷண்டக்கூடத் தொடாம பாஸ் பண்ணி என்ன பண்றது? ஆஸ்பத்திரில போய் நின்னா, எனக்கு எங்கப்பா முதுகு மட்டும்தான் தெரியும்னு சொல்லவா?"

அந்த இடத்தில் ஒரு தகப்பன் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் எழுந்து நின்று சொற்பொழிவைத் தொடங்கினேன். கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் நான் வளர்ந்த கதை, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த கதை.

"உங்க வீட்ல கரண்டு இருந்துச்சு" என்றாள் மனைவி, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க பொண்ணு பாத்துட்டுப் போன அப்புறம் நான் வந்தேனே. கலர் டிவியே இருந்துச்சு."

மகள் சிரிக்கவில்லை. மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மனைவி கணினியை மூடிவிட்டு அவள் பின்னாலேயே போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது, செய்முறைத் தேர்வு வரை பார்ப்பது, அதன் பிறகு முடிவெடுப்பது என்று ஆகியிருந்தது.

தேர்வும் கணினி வழியாகத்தான். விரிவுரையாளர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, மகள் வலது தோள்பட்டை வலிக்காக வந்த நோயாளியைச் சோதிக்க வேண்டும். நோயாளி நான். முந்தின நாள் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். வலது கைய பாதிக்கு மேல தூக்குனா வலிக்குது, அவ்வளவுதான். நான் தூக்குறப்ப கைய லூசா விட்டுடணும். நீங்களா தூக்கக்கூடாது. புரியுதாப்பா?"

புரிந்தது என்றேன். இளைஞனாக இருந்தபோது தோட்டத்துக் கோயில் திருவிழா நாடகத்தில் நான் மந்திரி வேடம் போட்டிருக்கிறேன். அதை அன்று நினைத்துக்கொண்டதுதான் வினை.

தேர்வன்று சவரம் செய்து, தலை வாரி, பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு மேசைமேல் உட்கார்ந்தேன். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். திரையில் நடுத்தர வயது விரிவுரையாளர், மூக்குக் கண்ணாடியோடு, புன்னகை ஏதும் இல்லாமல் இருந்தார். மகள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, இந்த வலி வந்த பிறகு என் வாழ்க்கையே மாறிவிட்டது என்று ஆரம்பித்தேன். மகள் கண்ணாலேயே நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். அவள் என் கையை நோக்கித் தன் கையை நீட்டினாள்.

"ஐயோ!" என்று அலறினேன்.

"அங்கிள்," என்றார் விரிவுரையாளர், "அவர் இன்னும் உங்களைத் தொடவே இல்லை."

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சமாளித்துக்கொண்டு மகள் தொடர்ந்தாள். கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்கும் தசை எது என்று விரிவுரையாளர் கேட்டார். அவள் ஒரு கணம் தடுமாறினாள். வாரக்கணக்காக அந்த மேசையில் படுத்துக் கேட்டுக்கேட்டு எனக்கு அது மனப்பாடம்.

"சுப்ராஸ்பினேட்டஸ்" என்றேன்.

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். விடை தெரிந்த நோயாளியை வைத்துத் தேர்வு நடத்த முடியாது, வீட்டில் வேறு யாராவது இருந்தால் முதலிலிருந்து தொடங்கலாம், இல்லையென்றால் தேர்வைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்றார். மகள் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நான் மேசையிலிருந்து இறங்கினேன். மனைவி தன் வகுப்புப் பிள்ளைகளிடம் பத்துக் கணக்குகளைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு வந்து, மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

நான் வாசலில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஓடாமல் கிடக்கும் வண்டிகளின் பேட்டரி செத்துப்போகாமல் இருக்க அப்போது எல்லாரும் தினமும் இன்ஜினைப் போட்டு வைப்போம். நானும் அதற்காக வந்தவன்போல இன்ஜினைப் போட்டேன். பிள்ளையின் படிப்பைக் கெடுத்த தகப்பன் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். இருந்தும், விடை சரிதானே என்று மனசின் ஒரு மூலை பெருமைப்பட்டது. அப்படி ஒரு ஜென்மம் நான்.

பொறுக்க முடியாமல் திரும்பி வந்து கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன்.

வலி இருக்கும் பக்கத்தைத் தொடுமுன் நல்ல பக்கத்தைச் சோதிக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. மகள் மனைவியின் இடது முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினாள். கை கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. இன்னொரு முறை திருப்பினாள். மீண்டும் அதே இடத்தில் நின்றது. மனைவி சத்தமே போடவில்லை. உதட்டை மட்டும் கடித்தாள்.

மகள் ஆங்கிலத்தை மறந்துவிட்டாள்.

"அம்மா, இது எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"வலது பக்கம்தானே வலிக்கணும்? இத விடு. பரீட்சையப் பாரு."

"அம்மா. எப்ப இருந்து?"

"அது… இருக்கும், புதுவருசத்துலேர்ந்து. வகுப்பு இருந்துச்சு, நீ வேற வந்துட்ட. ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா ஒட்டிக்கும்னு விட்டுட்டேன்."

மகள் திரையைப் பார்த்து, நல்ல பக்கம் என்று நினைத்த தோள் உண்மையிலேயே இறுகிப்போயிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டாள். விரிவுரையாளர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்கள். இவர் உங்கள் நோயாளி" என்றார்.

அதற்குப் பிறகு என் மகளை நான் முதல்முறையாகப் பார்த்ததுபோல இருந்தது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறதா, பின்னால் கை போகிறதா, தலை பின்ன முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மனைவி முடியவில்லை, முடியவில்லை என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். மேல்தட்டில் இருக்கும் பருப்பு டப்பாவை எடுத்துத் தரச்சொல்லி மாதக்கணக்கில் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று வேலை வாங்குகிறாள் என நினைத்து, முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். இல்லாத வலிக்கு நான் அந்த மேசையில் படுத்து அலறிக்கொண்டிருந்தபோது, இருக்கிற வலியோடு அவள் பக்கத்தில் நின்று ரசம் தாளித்திருக்கிறாள்.

மகள் தேர்ச்சி பெற்றாள். படிப்பை நிறுத்துவது பற்றி அதன் பிறகு அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் மனைவியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். தோள் இறுகிவிட்டது என்று மகள் சொன்னதையேதான் டாக்டரும் சொன்னார். கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னார் என்பதுதான் வித்தியாசம். தினமும் காலையில் சமையலறைச் சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல ஏறும் பயிற்சியை மகள் அம்மாவுக்குக் கொடுத்தாள். விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. எனக்கும் ஒரு பொறுப்பு தரப்பட்டது. பென்சிலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நிற்பது.

அடுத்த வருடம் கல்லூரி திறந்தது. மூன்று பேருமாக சுபாங்குக்குப் போனோம். வாசலில் காவலாளி, மாணவர்கள் மட்டுந்தான் உள்ளே என்று தடுத்துவிட்டார். மகள் இரண்டு பைகளையும் தானே தூக்கிக்கொண்டாள். பெரிதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

"மாஸ்க்கை ஒழுங்கா போட்டுக்கம்மா" என்றேன்.

"நீங்கதான்பா மூக்குக்குக் கீழ போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

திரும்பும்போது மனைவி சாவியைக் கேட்டாள். எங்களுடையது பழைய வண்டி, கையால் கியர் போடவேண்டும். இறுகிப்போயிருந்த அதே இடது கையால் அவள் கியரைத் தள்ளினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

"ரோட்டப் பாருங்க, என்னைய என்ன பாக்குறீங்க" என்றாள்.